சுட்ட கைக்கு முறை ஏது

1961 அக்டோபர் 24, அட்டன்

காலையில் கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். தீபாவளிப் பக்கத்துக்கு அரைப் பத்தி வேண்டுமாம். பண்டிகை நாட்களில் வீட்டில் நேரும் விபத்துகள், அவற்றுக்கு முதலுதவி. "சின்ன விஷயம்தான்" என்றார்.

சின்ன விஷயமா? மண்சரிவு, வேலைநிறுத்தம், தடம் புரண்ட ரயில் என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. வடைச் சட்டி கவிழ்ந்தால் அது செய்தி ஆவதில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுகிறார். லொறி டிரைவரும் போய்விடுகிறான். சரியாக அந்த இரண்டு நாளில்தான் லயத்து வரிசை வீடுகளில் எல்லா அடுப்பிலும் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது.

எழுதுகிறேன் என்று சொன்னேன். ஆனால் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

அக்டோபர் 26

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். சிங்களவர், சின்ன வயது. வேலை முடியும் வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டதற்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னார்.

சேலையில் தீப் பிடித்தால் ஓடக்கூடாது. கம்பளியைச் சுற்றித் தரையில் உருள வேண்டும். பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவை எனக்கும் தெரிந்தவைதான்.

தீக்காயத்துக்கு அவர் சொன்னதுதான் புதிது. ஓடும் குளிர்ந்த தண்ணீர். வலி அடங்கும் வரை, அரை மணி நேரமானாலும் சரி. எண்ணெய், மை, திருநீறு, தேயிலைத் தூள் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல்களை எடுத்துவிட வேண்டும். கொதிக்க வைத்து உலர்த்திய துணியைத் தளர்வாகச் சுற்ற வேண்டும்.

"புத்தகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டேன். என்னை வார்டுக்கு அழைத்துப்போனார். காலில் வெந்நீர் கொட்டிய ஒரு சிறு பெண். வீட்டார் தேயிலைத் தூளை அள்ளி அப்பியிருந்தார்கள். ஒட்டிப்போன தூளை நர்ஸ் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் அழுகை இந்த அறை வரை என்னோடு வந்திருக்கிறது.

அக்டோபர் 27

இரண்டாவது ஆளையும் கேட்பது என் வழக்கம். டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி இராமையாவைப் பார்த்தேன். தண்ணீரா என்று தலையை ஆட்டினார். தேயிலைச் சாயத்தில் நனைத்த துணிதான் அவர் காலத்து வைத்தியமாம்; பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அதைத்தான் செய்தார்களாம். "தண்ணீர் பட்டால் உடம்பு நடுங்கிவிடும். யாராவது செத்தால் உங்கள் பேப்பரா பதில் சொல்லும்?"

நல்ல மனிதர். பொய் சொல்பவர் இல்லை. டாக்டர் அம்மாவும் அப்படித்தான். யாரை நம்புவது?

அக்டோபர் 29

எழுதி அனுப்பிவிட்டேன். தண்ணீர்தான். அப்போதிக்கரி சொன்னதைக் காதால் கேட்டேன். டாக்டர் அம்மா சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் 6, பொகவந்தலாவை

பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று வந்தது. கையில் தங்கை மீனம்மாவுக்குத் தீபாவளிச் சீர்: சேலை, வெற்றிலை பாக்கு, பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு கட்டு. எனக்கென்று வீட்டில் யாரும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மீனம்மா வீட்டில்தான் எனக்குத் தீபாவளி.

மீனம்மா கொழுந்து பறிப்பதில் இந்த டிவிஷனில் முதல் ஆள். கூடையை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை மற்றவர்களைப் பார்த்து, "மீனம்மா கையப் பாருங்க" என்பாராம். அவள் புருஷன் அழகன் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரன்.

சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, நேற்றைய பேப்பரில் வந்ததை வாசித்துக் காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். கேட்கக் கேட்க மீனம்மாவின் உதடு கோணிக்கொண்டே போனது.

"ஏண்ணே, அந்தத் தண்ணியில அரை மணி நேரமா? இந்தக் குளுருலயா? சுட்ட புண்ணு ஆறுமோ என்னமோ, ஆளு வெறைச்சுச் செத்துருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வளையல் விஷயம் வந்ததும் அவளே தொடர்ந்தாள்.

"நல்ல நாள்ல தாலி கட்டிக்கிட்டவ கையில வளையல ஒடைக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. எங்க கிட்ட வாசிச்சதோட நிறுத்திக்கங்க. மேல் லயத்துல வாசிச்சா ஒதைதான்."

ஒடைக்க அல்ல, கழற்ற என்றேன். "புதுக் கண்ணாடி வளையலு கழறுமா? நீங்க போட்டிருக்கீங்களா?" என்றாள்.

பழனியாண்டி என்ற வயதான கவ்வாத்துக்காரர் தன் கட்டைவிரலைக் காட்டினார். கத்தி ஆழமாக இறங்கிய தழும்பு. தேயிலைத் தூளை வைத்துக் கட்டித்தான் ஆறியது என்றார். அது வெட்டு, நான் சொல்வது தீக்காயம் என்றேன். ரெண்டும் சதைதானே தம்பி என்றார்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகம்மா மட்டும் வரவில்லை. ஆடி மாதத்தில் பீலியில் யார் குடம் முதலில் இருந்தது என்று அவளுக்கும் மீனம்மாவுக்கும் சண்டை. மலை ஊற்றிலிருந்து வந்து விழும் அந்த ஒரே பீலிதான் இருபுறத்து லயத்துக்கும் தண்ணீர். குடம் வைத்த வரிசைதான் அங்கே சட்டம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டாளோ என்னவோ.

நவம்பர் 7, தீபாவளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொழுது விடியும் நேரம். லயத்தில் எல்லோர் தலையிலும் நல்லெண்ணெய். பீலியில் குடங்கள் வரிசையாக இருந்தன. மீனம்மா எல்லோருக்கும் முன்பே குளித்து, புதுச் சேலையும் பச்சை வளையலுமாகப் படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். ஒரு கட்டை சறுக்கியது. சட்டி சாய்ந்தது. அவள் பிடிக்கப் போனாள்.

வலது கையில் கொதிக்கும் எண்ணெய். விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டு வரை.

அவள் கத்தவில்லை. "அய்யோ, கொழுந்து கை" என்றாள். அவ்வளவுதான்.

உடனே கூட்டம் கூடியது. பழனியாண்டி தேயிலைத் தூள் டின்னோடு ஓடி வந்தார். மூடியைத் திறந்துவிட்டார். யாரோ சுண்ணாம்பு என்றார்கள். யாரோ, தண்ணி மட்டும் படக்கூடாது, கொப்புளம் போட்டு ஜன்னி வந்துரும் என்றார்கள். பிறகு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"பேப்பர்க்கார அண்ணே, நீங்க படிச்சது மெய்தானா?"

மெய்தான் என்றேன். குரல் உறுதியாகத்தான் வந்தது. உள்ளே அப்போதிக்கரியின் குரல் கேட்டது. யாராவது செத்தால் உங்கள் பேப்பரா பதில் சொல்லும்? யாராவது இல்லை அய்யா, இது மீனம்மா. என் கூடப் பிறந்தவள்.

நான் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பீலியை நோக்கி நடந்தாள். நேற்று அத்தனை கேலி பேசியவள்.

பீலிக்கு அடியில் இருந்தது அழகம்மாவின் குடம். பாதி நிரம்பியிருந்தது. அழகம்மா தலையில் எண்ணெய் வழிய நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் அத்தனை பேர். அழகம்மா குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"சுட்ட கைக்கு மொறை ஏது? வையி."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் மீனம்மாவோடு பேசிய முதல் பேச்சு. தண்ணீர் கையில் விழுந்ததும் மீனம்மா பல்லைக் கடித்தாள். அழகம்மா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வளையல எடுத்துறணும். வீங்கிப் போச்சுன்னா எறங்காது. நேத்து அண்ணன் படிச்சாரு."

அப்படியானால் கேட்டிருக்கிறாள்.

வளையல்கள் இறுக்கம். வெந்த கையின் மேலாக அவற்றைக் கழற்ற வழியே இல்லை. உடைக்க வேண்டும். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஒரு பெண், நல்ல நாளும் அதுவுமா என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். எண்ணெய்க்குக் கலங்காத மீனம்மாவின் கண் அப்போதுதான் கலங்கியது. "வேணாம்" என்றாள்.

அழகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தலையில் எண்ணெய், இடுப்பில் துண்டு, கையில் கவ்வாத்துக் கத்தி.

"கைய நீட்டு புள்ள. இந்தா, கல்லு மாதிரி உன் முன்னாடி நிக்கிறேன். எனக்கு என்ன ஆகப் போவுது? நானே ஒடைக்கிறேன்."

வளையல்களைத் தோல் நல்லதாக இருந்த இடத்துக்கு மேலே தள்ளினான். அடியில் ஈரத் துணியைச் செருகினான். கத்திப் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினான். நான் அட்டன் பஜாரில் பொறுக்கி எடுத்த வளையல்கள். ஒரு கீறல்கூட அவள் மேல் படவில்லை. பச்சைத் துண்டுகளை அழகம்மா கால்களுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுத்தாள்.

அதன் பிறகு காத்திருப்புதான். நவம்பர் மாதத்துப் பீலித் தண்ணீர். கூட நின்ற எங்களுக்கே எலும்பு வலித்தது. யாரோ மீனம்மாவின் தோளில் கம்பளியைப் போர்த்தினார்கள். மூடுபனி விலகி வெயில் வந்தது. மேல் லயத்தில் வெடி வெடித்தது. இங்கே ஒருவரும் குளிக்கவில்லை. பிள்ளைகள் எண்ணெய்த் தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். என் முறை என்று ஒரு குரல்கூட எழவில்லை. குடம் வைத்த வரிசைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் லயம் இது.

அழகம்மாதான் பேசினாள். "ஒன்னால லயமே எண்ணெய்த் தலையோட நிக்குது. இந்த வருசம் நரகாசுரன் தப்பிச்சுட்டான்."

மீனம்மாவுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. இருந்தும் சிரித்தாள்.

வலி குறைகிறது என்று அவள் சொன்ன பிறகு, சுற்றுவதற்குத் துணி தேடினேன். "அடுப்புக்கு மேல கொடியில கெடக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். அழகனின் பழைய வேட்டியைக் கிழித்து, கொதிக்க வைத்து, கொடியில் உலர்த்தியிருந்தாள். என்னைக் கேலி செய்து முடித்து, நான் தூங்கப் போன பிறகு செய்திருக்கிறாள்.

பழனியாண்டி டின்னோடு கடைசிவரை நின்றார். பிறகு மூடியை மூடிக்கொண்டு போனார்.

தோட்டத்து லொறிக்கு டிரைவர் இல்லை. பொகவந்தலாவை பஜாரில் மஃறூப் நானாவின் கடை திறந்திருந்தது. செய்தி போனதும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரே வேனைக் கொண்டுவந்தார்.

அட்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா துணியைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பொறுக்கி எடுக்க ஒன்றும் இல்லை என்றார். யார் செய்தது என்று கேட்டார். லயம் என்றேன்.

நவம்பர் 8

கை பிழைக்கும். விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

நவம்பர் 13

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீனம்மா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்த அம்மா கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கை அழகா இல்லாட்டிப் போவுது. கொழுந்து கிள்ள ரெண்டு வெரலு சேரணும். சேருமா? சேராட்டி நான் பிள்ளைக் காம்பராவுல தொட்டில் ஆட்டத்தான் போவணும்."

கேட்டேன். தோல் வளரும்போது இறுகும். வலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் விரலை மடக்கி நீட்டினால் சேரும், சும்மா வைத்திருந்தால் சேராது என்றார். அதைச் சிங்களத்தில் கேட்டுத் தமிழில் சொன்னபோது ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

"அப்ப அது என் கையில இருக்கு" என்றாள்.

நவம்பர் 22, பொகவந்தலாவை

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அம்மா மடக்கி நீட்டச் சொன்னார். அழகம்மா அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறாள். மலையிலிருந்து வரும்போது கம்பளிக்குள் ஒரு தேயிலைக் கொப்பை மறைத்துக்கொண்டு வருகிறாள். கங்காணி கண்டால் ஏசுவார். இரண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளு என்கிறாள். மீனம்மா கிள்ளப் பார்க்கிறாள். விரல் சேரவில்லை. நழுவுகிறது. வேர்க்கிறது. "நாளைக்கு வேற கொப்பு கொண்டாறேன். இது முத்துன கொப்பு" என்று கொப்பின் மேல் பழியைப் போடுகிறாள் அழகம்மா.

அது முற்றின கொப்பு இல்லை. எனக்கும் தெரியும், மீனம்மாவுக்கும் தெரியும்.

நவம்பர் 30

கட்டுப் பிரித்தார்கள். கையின் மேற்புறம் இளஞ்சிவப்பாக, புதுத் துணி போலிருக்கிறது. சுண்டுவிரல் முழுக்க மடங்கவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்கின்றன. அவளே எனக்குச் சேர்த்துக் காட்டினாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அந்த இரண்டு விரலால் எடுத்து, திரும்பச் செருகினாள்.

திரும்பும் வழியில் அப்போதிக்கரி வீட்டில் இறங்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எத்தனை நேரம் தண்ணீரில் வைத்தீர்கள், எப்போது கொப்புளம் வந்தது என்று விசாரித்தார். "எங்கள் காலத்தில் யாரும் இப்படிச் சொல்லவில்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத் தேநீர் போடச் சொன்னார்.

டிசம்பர் 12, அட்டன்

மஃறூப் நானா கடைத் தொலைபேசியில் அழகன் பேசினான். "மச்சான், இன்னைக்குக் காலையில பெரட்டுக்குப் போயி மீனம்மா வேலைக்குப் பேரு குடுத்துட்டா. நாலு மணிக்குக் கொழுந்த நிறுத்தாங்க. முழுப் பேரு."

ஒரு நாள் சம்பளத்துக்கு உரிய முழு நிறை. இன்று கொழும்புக்கு நான்கு செய்திகள் அனுப்பினேன். இது அவற்றில் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தி இதுதான்.

1962 ஜனவரி 14, பொகவந்தலாவை

பொங்கல் சீர் கொண்டுவந்தேன். இம்முறை வளையல் சிவப்பு. ஒரு சுற்றுப் பெரிது பார்த்து வாங்கினேன்.

லயத்தை நெருங்கும்போதே பீலியில் சத்தம். மீனம்மாவும் அழகம்மாவும். யார் குடம் முதலில் இருந்தது என்று. என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில், "அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். நான் பார்க்காததைப் பற்றிச் சொல்ல முடியாது என்றேன். எழுதறவங்களே இப்படித்தான் என்று இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

புது வளையல்களை மீனம்மா உடனே போட்டுப் பார்த்தாள். இளஞ்சிவப்புக் கையைத் தாண்டி அவை சுலபமாக இறங்கின. கையை ஆட்டி ஓசை கேட்டாள். அழகன் பார்க்காதவன் போல் வேறு பக்கம் பார்த்தான்.

பிறகு பானை வைக்கும் நேரம் வந்தது. அவள் இஸ்தோப்புத் தூணுக்குப் போனாள். அங்கே ஒரு ஆணி. சற்றுமுன் போட்ட வளையல்களைக் கழற்றி அதில் மாட்டினாள். அதன் பிறகு அடுப்பின் முன் உட்கார்ந்தாள்.

எழுந்து லயத்தின் நீளத்துக்கும் நடந்தேன். அழகம்மா வீட்டுத் தூணில் ஒரு ஆணி, நீல வளையல். அடுத்த தூணிலும். அதற்கு அடுத்ததிலும். அடுப்பு எரியும் காம்பரா ஒவ்வொன்றின் வாசலிலும் கண்ணாடி வளையல் தொங்கியது. பழனியாண்டியின் மருமகள் வீட்டு ஆணி மட்டும் கோணலாக இருந்தது. கிழவர் தாமே அடித்ததாம்.

டாக்டர் அம்மா இதைச் சொல்லவில்லை. என் அரைப் பத்தியிலும் இது இல்லை. திரும்பி வந்து மீனம்மாவைக் கேட்டேன், இது யார் சொன்னது என்று.

பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இதயும் யாராச்சும் வந்து சொல்லணுமாக்கும்?"

காற்றடித்தது. லயம் முழுக்க வளையல் ஓசை.